வலப்பக்கம் ஏன் பூஜ்ஜியம்?

பத்தாவது படிக்கும் அக்கா மகளிடம் எக்ஸ்² − 5எக்ஸ் + 6 = 0 கொடுத்தால் கண் சிமிட்டுவதற்குள் முடித்துவிடுவாள். பெருக்கினால் 6, கூட்டினால் −5; ஆக −2, −3. (எக்ஸ் − 2)(எக்ஸ் − 3) = 0. விடை 2, 3.

"சரி, வலப்பக்கம் 0-க்குப் பதிலா 12 இருந்தா?"

"எக்ஸ் − 2 = 12, இல்லேன்னா எக்ஸ் − 3 = 12. அப்போ 14, 15, மாமா."

14 போட்டுப் பார்க்கச் சொன்னேன். 12 × 11 = 132. முழித்தாள்.

இரண்டு எண்களின் பெருக்கல் 12 என்றால் அவை 3, 4 ஆகலாம், 2, 6 ஆகலாம், அரையும் 24-ம் கூட ஆகலாம்; முடிவே இல்லை. பெருக்கல் பூஜ்ஜியம் என்றால் மட்டும்தான் இரண்டில் ஒன்று பூஜ்ஜியமாக இருந்தே தீரவேண்டும். காரணிப்படுத்துவதே இந்தப் பிடிக்காகத்தான். 12-ஐ இடப்பக்கம் கொண்டுவந்தால் எக்ஸ்² − 5எக்ஸ் − 6 = 0; (எக்ஸ் − 6)(எக்ஸ் + 1) = 0; விடை 6, −1. −1 போட்டால் (−3) × (−4), சரியாக 12. இதைச் சொல்லாமல் பிரிக்க மட்டும் பழக்கிவிடுகிறோம், என்னத்தைச் சொல்ல!

இன்னொன்று. முதல் கணக்கில் 6-ஐ 5 ஆக்கினால் முழு எண்ணில் எதுவும் சிக்காது. விடை (5 ± √5)/2. சூத்திரம்தான் கதி. வகுப்பில் காரணிப்படுத்தக் கொடுப்பவை எல்லாம் பிரியும்படி பொறுக்கி எடுத்த கணக்குகள்.