சாஸ்திரிக்குப் போட்ட மார்க்கு

புதிதாக ஒருவர் நாட்டின் தலைமைப் பதவியில் உட்கார்ந்துவிட்டால் போதும், அவர் தேறுவாரா மாட்டாரா என்று தீர்ப்புச் சொல்ல எல்லோருக்கும் அவசரம். நூறு நாள் கணக்கு, ஆறு மாதக் கணக்கு என்று பத்திரிகைகளும் போடுகின்றன. அவற்றைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். காரணம், அந்த வேலையை நானும் ஒரு காலத்தில் பார்த்தவன்.

1964 மே 27-ஆம் தேதி நேரு காலமானார். ஜூன் 9-ஆம் தேதி லால் பகதூர் சாஸ்திரி பிரதம மந்திரியானார். அப்போது நான் வையம்பட்டியிலிருந்து தினமும் ரயிலில் மணப்பாறைக்குப் போய்ப் படித்துக்கொண்டிருந்த பையன். நேரு இருந்த இடத்தில் இந்தக் குள்ள மனிதரா என்று எங்கள் வகுப்பில் ஒரே கேலி. என் மாமாவுக்கு மட்டும் அந்தக் கேலி பிடிக்காது. அவர் ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன்.

“அரியலூரை மறந்துட்டியா மாப்ளே?” என்பார்.

1956 நவம்பர் 23-ஆம் தேதி மருதையாற்று வெள்ளத்தில் பாலம் பழுதாகி, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அரியலூர் அன்று எங்கள் திருச்சி ஜில்லாவைச் சேர்ந்தது. அப்போது ரயில்வே மந்திரி சாஸ்திரி. பொறுப்பு என்னுடையது என்று பதவியை விட்டு இறங்கினார்.

“அவரா போய் ஆத்துல தண்ணி விட்டாரு? ஆனாலும் எந்திரிச்சுப் போனாரு. எங்க இலாகாவிலே தப்பு நடந்தா, கீழே இருக்கிறவன் தலைதான் உருளும். முதல் தடவையா மேலே இருக்கிறவர் தலையைக் கொடுத்தாரு” என்பது மாமாவின் கட்சி.

நான் விடவில்லை. ஒரு கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பிரதம மந்திரிக்கு மார்க்குப் போட ஆரம்பித்தேன். அரிசி, சிலோன், ஹிந்தி என்று மூன்று பாடங்கள்.

அரிசிக்குப் பூஜ்யம். எங்களுடையது வானம் பார்த்த பூமி. கம்பும் சோளமும்தான் தினப்படிச் சாப்பாடு. அமாவாசைக்கு வாங்கும் அரிசிக்கும் அந்த வருஷம் விலை கேட்கப் பயமாக இருந்தது. சிலோனுக்குத் தொண்ணூறு. அக்டோபர் 30-ஆம் தேதி சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். தோட்டத் தொழிலாளர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னால் பேசுவது என்று ஏற்பாடு. நுவரெலியாப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்ட பெரியம்மா ஊருக்கு வந்துவிடுவாள் என்று எனக்கு ஒரே கொண்டாட்டம்.

நோட்டைப் பார்த்த மாமா சிரித்தார். “சந்தையிலே நிக்கிற காளைக்குப் பல்லைப் பார்க்கலாம், சுழி பார்க்கலாம். பாரத்தோட மேடு ஏறுறப்பதான்டா மாட்டோட குணம் தெரியும்.”

மேடு சீக்கிரமே வந்தது. 1965 ஜனவரி 26-ஆம் தேதி முதல் ஹிந்தி ஆட்சிமொழி. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது. தீக்குளித்தார்கள். நானும் திருச்சி ஊர்வலத்தில் நடந்தேன். மூன்றாவது பாடத்துக்கும் பூஜ்யம் போட்டுவிட்டு, மாமாவோடு பேசுவதை நிறுத்தினேன்.

பிப்ரவரியில் சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் மந்திரி பதவியிலிருந்து ராஜினாமாக் கடிதம் கொடுத்தார்கள். 11-ஆம் தேதி சாஸ்திரி வானொலியில் பேசினார். நேரு கொடுத்த உறுதிமொழி நிற்கும், ஹிந்தி பேசாத மக்கள் விரும்புகிறவரை ஆங்கிலம் நீடிக்கும் என்றார். டீக்கடை ரேடியோவில் கேட்டுவிட்டு மாமா நேரே என்னிடம் வந்தார்.

“அரியலூர்ல தானா இறங்கினவரு, இந்தத் தடவை கையைப் பிடிச்சு இழுத்தப்புறம்தான் இறங்கினாரு. ஆனா இறங்கிட்டாரு, மாப்ளே.”

“அதுக்குள்ளே எத்தனை உயிர் மாமா?” என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. அந்தப் பாடத்துக்குரிய இடத்தைப் பிறகு அழித்து வெறுமையாக விட்டேன். இன்றும் அங்கே எண் எழுத எனக்குத் தெரியவில்லை.

1966 ஜனவரி 11-ஆம் தேதி தாஷ்கண்டில் அவர் காலமானார். பதவியில் இருந்தது பத்தொன்பதே மாதம்.

அரிசிக்குப் போட்ட பூஜ்யத்தைத் திருத்த வெகு காலம் ஆயிற்று. உணவு இலாகாவைச் சி. சுப்பிரமணியத்திடம் அவர் ஒப்படைத்ததும், 1965 ஜனவரியில் இந்திய உணவுக் கழகம் நம் தஞ்சாவூரில் வேலையைத் தொடங்கியதும், விவசாயிக்கு நியாயமான விலை சொல்ல ஒரு கமிஷன் ஏற்பட்டதும் மறுநாளே எங்கள் உலையில் அரிசியாக விழவில்லை. ரேஷன் கடையில் வரிசையில் நிற்கும்போதுதான் அவற்றின் அருமை புரிந்தது.

தொண்ணூறு மார்க்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? 1971-இல் பெரியம்மா ராமேசுவரத்தில் கப்பலிறங்கி வந்து சேர்ந்தாள். கூட வந்த பிள்ளைகள் மூன்று பேரும் அங்கேயே பிறந்தவர்கள். மூத்த மகன் இலங்கைப் பிரஜையாகி அங்கே தங்கிவிட்டான். இங்கே அவளுக்குச் “சிலோன்காரி” என்று பேர் வைத்தார்கள். ஒரு நாள் திண்ணையில் உட்கார்ந்து மாமாவிடம் கேட்டாள்: “ஏன் தம்பி, கணக்குப் போட்டுப் பிரிச்சாங்களே, எங்களை ஒரு வார்த்தை கேட்டாங்களா?”

வாழ்நாளெல்லாம் சாஸ்திரிக்காக வாதாடின மாமா, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனைப் பார்க்க நடந்துவிட்டார்.

புதிய தலைவர்கள் வரும்போது இப்போதும் என்னிடம் அபிப்பிராயம் கேட்கிறார்கள். மார்க்குப் போடாமல் இருக்க முடியவில்லை. ஆனால் பென்சிலால்தான் போடுகிறேன்.