நிலவறையில் ஓர் இரவு

பிறர் பிள்ளைக்குப் புத்தி சொல்வதைப் போல எளிய காரியம் உலகில் வேறில்லை. பேர்லின் நகரில் வாழும் எம் தமையனார் வீட்டுக்குச் சென்றிருந்தபோது அக்காரியம் எம்மிடம் ஒப்படைக்கப்பட்டது.

"பொடியன் சனிக்கிழமை எண்டால் வீட்டில் நிற்கிறானில்லை, விடிஞ்சுதான் வாறான். நீ ஒருக்கால் சொல்லிப் பார்," என்றார் அவர்.

பெறாமகனோ, "சித்தப்பா, ஒருநாள் வந்து பார்த்திட்டுச் சொல்லுங்கோ," என்றான். அது நியாயமாகவே பட்டது.

அவன் அழைத்துச் சென்ற இடம் 'டிரெசோர்'. பெட்டகம் என்பது அதன் பொருள். 1989இல் பேர்லின் மதில் வீழ்ந்தபின், பாழடைந்து கிடந்த வேர்ட்ஹைம் அங்காடியின் நிலவறைப் பெட்டக அறையில் 1991இல் தொடங்கிய நடன விடுதி அது. 2005இல் மூடப்பட்டு, 2007 முதல் பழைய அனல்மின் நிலையமொன்றில் நடைபெறுகின்றது. அங்கு ஒலிக்கும் 'டெக்னோ' இசையோ அமெரிக்காவின் டிட்ரொயிட் நகரிற் பிறந்தது. மோட்டார்த் தொழிலால் வாழ்ந்து நலிந்த அந்நகரின் அருகே ஒரே பாடசாலையில் பயின்ற ஜுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சோண்டர்சன் என்னும் கறுப்பின இளைஞர் மூவர் 1980களில் அதனை வளர்த்தனர்.

உள்ளே இருளும் புகையும். ஒலியோ நெஞ்சுக்கூட்டினுள் அதிர்ந்தது. திரும்பிவிடலாமா என்றுகூட எண்ணினோம். அப்பொழுதுதான் இசைத்தட்டு மேடையில் நின்றவரைக் கண்டோம். இளைஞரல்லர், எம் வயதினர், தலை நரைத்திருந்தது. இரு தட்டுகள் சுழன்றன. ஒன்று சபைக்கு ஒலிக்க, மற்றையதைத் தாம் மட்டும் ஒரு செவியிற் கேட்டார். நிமிடத்துக்கு ஏறக்குறைய 130 அடி. மற்றைய தட்டின் வேகத்தை விரலாற் கூட்டியும் குறைத்தும் முதலாவதன் தாளத்தோடு இணக்கினார். இணங்கிய பின்னரே அதனைச் சபைக்கு விட்டார். இரண்டு மணி நேரத்தில் ஒருமுறையேனும் அவர் கவனம் சிதறவில்லை.

எமக்கு 1970களின் தொடக்கம் நினைவுக்கு வந்தது. கோயில் திருவிழாவில் தெட்சணாமூர்த்தியின் தவில் கேட்க, வீட்டாருக்குச் சொல்லாமல் இரவு முழுவதும் வீதியில் இருந்தோம். எம்மைக் கைபிடித்து அழைத்துச் சென்றவர் இதே தமையனார்தாம். இரண்டு இசையும் ஒன்றெனச் சொல்லோம். ஆனால் தாளம் பிசகாத கைக்காக விழித்திருக்கும் இளமை ஒன்றே.

பேர்லினின் டெக்னோக் கலாசாரத்தை ஜேர்மனி 2024இல் தன் மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்துக்கொண்டது. ஆயினும் பட்டியல்கள் ஒரு தந்தையின் கவலையைத் தீர்ப்பதில்லை.

விடியற்காலையில் வீடு திரும்பியபோது தமையனார் உறங்காது சாளரத்தருகே நின்றார். தவிற்கதையை எடுத்தோம். சற்றுநேரம் பேசாதிருந்தவர், "அண்டைக்கு அப்பா படலையடியிலை நிண்டவர்," என்றார்.

அதன்பின் தமையனாருக்குச் சொல்ல எம்மிடம் எதுவுமில்லை. பெறாமகனுக்கு மட்டும் ஒன்று சொன்னோம்: "போ, தடையில்லை. ஆனால் எத்தனை மணிக்கு வருவாயென்று அப்பாவுக்குச் சொல்லிவிட்டுப் போ."

அடுத்த சனிக்கிழமை அவன் சொல்லிவிட்டே போனான். தமையனார் அன்றும் உறங்கவில்லை. ஆயினும் சாளரத்தருகே நிற்காமல் நாற்காலியில் அமர்ந்திருந்தார்.