பேத்தி வளர்த்த மீன்கள்

மாடியில் 'அக்வாபோனிக்ஸ்' அமைத்த பெரியவர், அன்றே 500 லிட்டர் தொட்டியில் 30 கெண்டைக் குஞ்சுகளை விட்டார். தொட்டித் தண்ணீர் மோட்டார் மூலம் ஜல்லி நிரப்பிய கீரைப் பாத்திக்கு ஏறி, வடிந்து திரும்பியது. பேத்தி தினமும் கைநிறையத் தீவனம் போட்டாள். பத்தாம் நாள் மீன்கள் செத்து மிதந்தன. பேத்தி மாடிப் பக்கமே வரவில்லை.

அவசரம்தான் காரணம். மீன் கழிவிலுள்ள அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, பிறகு பயிருக்கு உகந்த நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்கள் ஜல்லியில் பெருக 4 முதல் 6 வாரங்கள் ஆகும்.

மறுமுறை ஐந்தே குஞ்சுகள், கொஞ்சமே தீவனம். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரைச் சோதித்தார். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் இல்லை என்றான பிறகே மற்ற குஞ்சுகளை விட்டார். இப்போது தீவனம் போடுவது பேத்திதான்; ஐந்து நிமிடத்தில் மீன்கள் தின்று தீர்க்கும் அளவு மட்டும்.