லண்டன் கடிதம்: தாய்மாமனுக்கு ஆங்கிலத்தில் இருந்த பெயர்

லண்டன், யூஸ்டன் சாலை



செயின்ட் பாங்க்ரஸ் ரயில் நிலையத்தை அடுத்துச் செங்கற் கட்டடமாக நிற்கும் பிரிட்டிஷ் நூலகத்தில், ஏறத்தாழ 1000ஆம் ஆண்டளவில் இரண்டு எழுத்தர்கள் தோல் ஏடுகளில் படியெடுத்த 'பேவுல்ஃப்' காப்பியத்தின் ஒரே கைப்பிரதி பாதுகாக்கப்படுகிறது. 1731இல் வெஸ்ட்மின்ஸ்டரின் ஆஷ்பர்ன்ஹாம் மாளிகையில் மூண்ட தீயில் ஓரம் கருகிய அந்த ஏடுகள் 1845இல்தான் தனித்தனித் தாள் சட்டங்களில் பொருத்தப்பட்டன. அதற்குள் விளிம்பு எழுத்துகள் பல உதிர்ந்துபோயின. தப்பிய வரிகளில், சிகெமுண்ட் என்னும் வீரன் தன் மருமகன் ஃபிட்டெலாவிடம் தன் வீரச்செயல்களைக் கூறுவதைச் சொல்லுமிடத்தில், 'ஏஆம்' என்ற உறவுச்சொல் வருகிறது.

நார்மன் படையெடுப்புக்கு முன் இங்கிலாந்தில் வழங்கிய பழைய ஆங்கிலத்தில் 'ஏஆம்' என்பது தாயுடன் பிறந்த ஆணைக் குறித்தது. தந்தையுடன் பிறந்தவன் 'ஃபேடெரா' என்றும், அத்தை 'ஃபாது' என்றும், தாயின் சகோதரி 'மோட்ரியே' என்றும் வேறுபடுத்தப்பட்டனர். ஜெர்மானிய இனக்குழுக்களிடையே சகோதரியின் மக்கள் தந்தைக்கு எவ்வளவு அருமையோ, தாய்மாமனுக்கும் அவ்வளவு அருமை என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் 98ஆம் ஆண்டளவிலேயே எழுதியிருக்கிறார். காப்பிய நாயகனான பேவுல்ஃபும் தன் தாய்மாமனாகிய ஹிகெலாக் மன்னனுக்கே பணிபுரிந்து, டென்மார்க்கில் பரிசாகப் பெற்ற கவசத்தையும் குதிரைகளையும் அவனிடமே கொண்டுவந்து கொடுக்கிறான்.

1066இல் நார்மானியர் வென்றபின் பிரெஞ்சுச் சொற்களான 'அங்கிள்', 'ஆன்ட்' ஆகிய இரண்டும் மெல்லப் பரவி, நான்கு உறவுகளையும் தமக்குள் அடக்கிக்கொண்டன. 'அங்கிள்' என்பதன் மூலமான 'அவுங்குலுஸ்' லத்தீனில் தாய்மாமனை மட்டுமே குறித்தது. 'ஆன்ட்' என்பதன் மூலமான 'அமிதா' தந்தையின் சகோதரியை மட்டுமே குறித்தது. பாட்டனைக் குறித்த தொன்மையான ஒரு வேரிலிருந்தே 'அவுங்குலுஸ்', 'ஏஆம்' இரண்டும் கிளைத்தன என்பதால், வந்த சொல்லும் வழக்கொழிந்த சொல்லும் தொலைதூரப் பங்காளிகளே ஆகும்.

'ஈம்' எனத் திரிந்து வடக்கு இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் நெடுங்காலம் பேச்சில் நீடித்த அச்சொல், இன்று 'ஈம்ஸ்' என்ற குடும்பப்பெயரில் அடையாளம் காணப்படுகிறது. ஆகவே, ஆங்கிலத்தில் தாய்மாமனுக்குத் தனிச்சொல் கிடையாது என்று கூறுவோர், அது ஒருகாலத்தில் இருந்து வழக்கொழிந்தது என்பதையும் சேர்த்தே கூறுவதுதான் முறை.