திரைச்சீலை பிறகு தைக்கலாம்

பிள்ளை, 1972ஆம் ஆண்டு வொக்ஸ்வாகன் கேம்பர் வான் ஒன்றை வாங்கிவிட்டாய் என்று உன் அப்பா சொன்னான். கிழமை நாட்களில் அதிலேதான் வேலைக்குப் போவாயாம், கோடையில் ஸ்கொட்லாந்து மலைப்பக்கம் போவாயாம். வீட்டில் எல்லாரும் "அந்தக் கிழட்டு வானை நம்பியா?" என்கிறார்கள். நான் அப்படிக் கேட்கமாட்டேன். நம்பக்கூடிய வாகனந்தான், நீ நம்பும்படி ஆக்கினால். ஆனால் நீ அனுப்பிய படங்களில் புது மெத்தை இருக்கிறது, மரத்தளம் இருக்கிறது, திரைச்சீலைத் துணி மூன்று நிறத்தில் இருக்கிறது. எஞ்சினை மட்டும் ஒரு படத்திலும் காணவில்லை.

இந்த நாட்டில் நாற்பது வயது தாண்டிய வாகனத்துக்கு 2018 மேயிலிருந்து எம்ஓடி தகுதிச் சோதனை கட்டாயமில்லை. லண்டனின் உலெஸ் புகைக் கட்டணமும் அதற்கு இல்லை. அதனால் பழைய வானைத் தினமும் ஓட்டுவது கையைக் கடிக்காது என்று கணக்குப் பார்த்திருப்பாய், அந்தக் கணக்குச் சரி. என்றாலும் வருடத்துக்கு ஒருமுறை எம்ஓடிக்குக் கொண்டுபோ. கீழே படுத்துப் பார்க்க இன்னொருவர் கண் வேண்டும். பெயின்ற் புதிதாகப் பளபளக்கிற வான் என்றால் இன்னும் கவனமாகப் பார்க்கச் சொல். கதவுக்குக் கீழுள்ள விளிம்பும் பற்றறி இருக்கும் தட்டும் உக்கிப்போனதைப் பெயின்ற் அழகாக மறைத்துவிடும்.

முதல் காசு பிறேக்குக்கு. பிறேக் ஒயில் காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேரச் சேர அது சீக்கிரம் கொதிக்கும், கொதித்தால் குமிழி கட்டும், பெடல் தரைவரை போகும். ஊருக்குள் ஓடும்போது இது தெரியவே தெரியாது. நீ போகவிருக்கிற அப்பிள்குரொஸ் பக்கத்துப் பியலக் நா பா கணவாய் கடல்மட்டத்திலிருந்து 626 மீற்றர் ஏறுகிறது. ஏறின அவ்வளவும் இறங்கவும் வேண்டுமே, அங்கே தெரியும். பழைய ஒயிலை முழுக்க எடுத்துவிட்டுப் புதிதாக நிரப்பு, இரண்டு வருடத்துக்கொருமுறை அப்படிச் செய். றப்பர்க் குழாய்களையும் மாற்று. வெளியே நன்றாக இருப்பவை உள்ளே வீங்கி அடைத்திருக்கும், காலை எடுத்த பிறகும் சில்லைப் பிடித்தபடியே இருக்கும். ரயரில் பூ மிச்சம் இருக்கிறது என்று ஏமாறாதே. பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும். 2312 என்றால் 2012ஆம் ஆண்டு 23ஆம் கிழமை செய்தது, கழற்றி எறி.

அடுத்தது பெற்றோல் குழாய். உன் வானில் பெற்றோல் ராங்க் எஞ்சினுக்குப் பக்கத்திலேயே, ஒரு தகட்டுக்கு அந்தப்புறம் இருக்கிறது. நடுவில் ஓடுவது றப்பர்க் குழாய். 2021 செப்ரெம்பரிலிருந்து இங்கே சாதாரணப் பெற்றோல் ஈ10. அதிலுள்ள எதனோல் பழைய றப்பரைத் தின்னும். ஒரு துளி சூட்டு எஞ்சினில் விழுந்தால் போதும், அந்த எஞ்சினின் உடம்பே மக்னீசியக் கலவை, பற்றினால் லேசில் அணையாது. எதனோலுக்குத் தாக்குப்பிடிக்கும் குழாயும் நல்ல கிளிப்புகளும் வாங்க உன் திரைச்சீலைத் துணியின் விலைகூட ஆகாது. ஹீற்றரையும் சோதி. அது எக்ஸோஸ்ற் சூட்டில்தான் காற்றைச் சூடாக்குகிறது, உள்ளே துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் புகை நீ இருக்கிற இடத்துக்கு வரும். படுக்கிற இடத்தில் ஒரு காபன் மொனொக்சைட் அலாரம் பூட்டிவிட்டுத்தான் முதல் இரவு தூங்கவேண்டும்.

இனி டாஷில் இருக்கும் சிவப்பு சார்ஜ் விளக்கு. எல்லாக் காரிலும் அது எரிந்தால் பற்றறி சார்ஜ் ஆகவில்லை என்று அர்த்தம், சில கார்களில் வீடு வரைக்கும் ஓட்டிக்கொண்டு போகலாம். உன் வானில் முடியாது. அதில் தண்ணீர் இல்லை, றேடியேற்றர் இல்லை, காற்றுத்தான் எஞ்சினை ஆற்றுகிறது. அந்தக் காற்றாடி டைனமோவின் தண்டிலேயே பூட்டியிருக்கிறது, இரண்டையும் சுற்றுவது ஒரே ஒரு பெல்ற். பெல்ற் அறுந்தால் சார்ஜும் இல்லை, காற்றும் இல்லை. விளக்கு எரிந்த உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்து, அடுத்த சந்திவரை போகலாம் என்று நினைத்தாலே எஞ்சின் போய்விடும். இன்னொரு பெல்ற்றும் 21 மில்லிமீற்றர் ஸ்பானரும் எப்போதும் வானில் இருக்கட்டும். பெல்ற் மாற்றுவதை உன் வீட்டு வாசலில், வெளிச்சத்தில், அவசரமில்லாத ஒரு நாளில் செய்து பழகு. அவசரமான நாளில் மழையும் பெய்யும்.

கிழட்டு வாகனத்தை நம்பலாம் என்று நான் சொல்வது பார்த்த பழக்கத்தில்தான். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் தடை. ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. கார்பிரேற்றரில் கொஞ்சம் பெற்றோல் சொட்டி எஞ்சினை எழுப்புவோம், சூடேறினதும் மண்ணெண்ணெய் எடுத்துக்கொள்ளும். அது முழுக்க எரியாமல் வழிந்து எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும், ஆகவே ஒயிலை அடிக்கடி பார்க்கவேண்டும், மாற்றவேண்டும். நோயாளியும் அதில்தான் போனார், பொம்பிளை மாப்பிள்ளையும் அதில்தான் போனார்கள். இதைக் கேட்டால் இங்குள்ள பழைய கார்ச் சங்கத்துக்காரருக்கு நெஞ்சுவலி வரும். அந்தக் கார்கள் கைவிடாமல் ஓடியதற்குக் காரணம், ஓட்டினவனுக்கு அதன் ஒவ்வொரு சத்தமும் தெரியும், சத்தம் மாறின அன்றே மூடியைத் திறந்து பார்ப்பான். வேறு கார் கிடையாது, உதிரிப்பாகமும் கிடையாது. உனக்கு இரண்டும் கிடைக்கும், அதனால்தான் திறந்து பார்க்காமல் விடுவாய் என்று எனக்குப் பயம்.

சாமான் கிடைக்கிறதே என்று எல்லாவற்றையும் ஒரே வார இறுதியில் மாற்றிவிடாதே. ஒன்றை மாற்று, ஒரு கிழமை வேலைக்கு ஓட்டு, பிறகு அடுத்ததை மாற்று. ஐந்தைச் சேர்த்து மாற்றி, திங்கள் காலை வான் இருமினால் ஐந்தில் எதில் பிழை என்று தேடுவாய்? பொயின்ற்ஸைக் கழற்றிவிட்டு இலெக்ரோனிக் இக்னிஷன் பூட்டச் சொல்வார்கள். தினம் ஓட்டுவதற்கு அது நல்லதுதான், பூட்டு. ஆனால் அது சாகும்போது சொல்லாமல் சாகும். பொயின்ற்ஸ் அப்படியல்ல, நகம் தேய்க்கிற அரத்தால் தேய்த்தாலே வீடு வந்து சேரலாம். கழற்றினதை எறியாமல் டாஷ் பெட்டியில் போட்டு வை.

மற்றபடி ஓட்டு. சும்மா நிற்கிற வானில் பெற்றோல் கெடும், பிறேக் இறுகும், சீல்கள் காயும். கோடைக்கு மட்டும் வெளியே எடுக்கிறவர்களின் வான்தான் மோட்டார்வேயோரம் நிற்கும். பனிக்காலத்தில் ரோட்டுக்கு உப்புப் போட்டால் மட்டும் கொஞ்சம் பொறு, ஓட்டினால் அன்றே அடிப்பக்கத்தைக் கழுவு. மணிக்கு 55 மைலுக்கு மேல் விரட்டாதே, லொறிக்குப் பின்னால் போவதில் வெட்கமில்லை. எஞ்சினில் இருப்பது இரண்டரை லீற்றர் ஒயில், ஃபில்டரும் கிடையாது, ஒரு கம்பிவலைதான். 3000 மைலுக்கு ஒருமுறை மாற்றியே ஆகவேண்டும்.

வால்வு இடைவெளியையும் அப்போதே பார்க்கவேண்டும், 0.15 மில்லிமீற்றர். கொஞ்சம் டிக்டிக் என்று கேட்டால் பயப்படாதே. சத்தம் போட்டுக்கொண்டிருந்த வால்வு திடீரென்று அமைதியானால்தான் பயம், இடைவெளி இறுகி வால்வு எரியப்போகிறது. இதைக் கடிதத்தில் சொல்லித் தரமுடியாது. எஞ்சின் இரவு முழுக்க ஆறியிருக்கவேண்டும், ஆகவே சனி பின்னேரமே வானைக் கொண்டுவந்து என் வாசலில் விட்டுவிடு. ஞாயிறு காலை செய்வோம். வரும்போது வால்வு மூடிக்குக் கஸ்கெற் இரண்டு வாங்கி வா. ஃபீலர் கேஜ் என்னிடம் இருக்கிறது.