ஆடு புலிக்குப் போட்டி யார்?

மதுரை மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தில் பெஞ்சு பெஞ்சாக நோட்டம் விட்டுக்கொண்டு நடந்தோம். ஆடு புலி ஆட்டத்தைக் கைபேசிக்குக் கொண்டுவரும் இரண்டு இளைஞர்களோடு நானும் ஒட்டிக்கொண்டேன். சந்தை ஆய்வு என்றால் அவர்களுக்கு இதுதான்: யார் கையில் என்ன ஓடுகிறது?

பெரும்பாலும் ரீல்ஸ். ஒரு குடும்பம் ஒரே போனைச் சுற்றிக் குனிந்து லூடோ கிங் ஆடிக்கொண்டிருந்தது. கல்லூரிப் பையன்கள் கையில் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ். 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் தடையானபோது மேக்ஸ் தப்பித்துக்கொண்டது.

அந்தப் பையன்களில் ஒருவனிடம் தங்கள் ஆட்டத்தை நீட்டினார்கள். 3 புலி, 15 ஆடு, 23 புள்ளி. கட்டத்தைப் பார்க்கும் முன்பே, "ஜெயிச்சா காசு வருமாண்ணே?" என்றான். வராது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது. ரம்மி விளம்பரங்கள் பழக்கிவிட்ட கேள்வி மட்டும் இன்னும் ஊரில் சுற்றுகிறது.

டவுன்ஹால் ரோட்டில் ஒரு கைபேசிக் கடைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தோம். "கேம் போட்டுக் குடுங்கன்னு யாரும் வர்றதில்ல தம்பி. ஸ்டோரேஜ் ஃபுல்லு, எதையாவது அழிச்சுக் குடுங்கன்னுதான் வர்றாக" என்றார். அவர் முதலில் அழிப்பது எதை என்று கேட்டதற்கு, "ஆடாத கேமைத்தான்" என்று சிரித்தார். என்னைக் கேட்டால், அன்றைக்குக் கிடைத்த உருப்படியான தகவல் இதுதான். லூடோவோடு மோதுவதற்கு முன்னால், கல்யாண வீடியோக்களோடும் காலை வணக்கப் படங்களோடும் மோதி இடம்பிடிக்க வேண்டும்.

டீக்கடையில் உட்கார்ந்து பிளே ஸ்டோரைத் துழாவினார்கள். தமிழில் அடித்தால் ஒரு வரிசை, தங்கிலீஷில் அடித்தால் வேறு வரிசை. பக்கத்துச் சொந்தம்போல நேபாளத்தின் பாக் சால் வந்து நின்றது: அதில் 4 புலி, 20 ஆடு. பதிவிறக்க எண்ணிக்கையை அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போட்டு மறுநாளே அழித்தவனும் அந்தக் கணக்கில் இருக்கிறான். ஒற்றை நட்சத்திர விமர்சனங்களைத்தான் வரி வரியாகப் படித்தார்கள். விளம்பரத் தொல்லை, நெட் இல்லாமல் திறக்கவில்லை, பக்கத்தில் இருப்பவரோடு ஆட முடியவில்லை. எதிராளியின் வாடிக்கையாளர் இலவசமாக எழுதிக்கொடுத்த வேலைப்பட்டியல் அது.

மாலையில் கீழடிக்குப் போகலாம் என்றார் இருவரில் படம் வரைகிறவர். அங்கே அகழாய்வில் பகடைக்காயும் சுடுமண் ஆட்டக்காய்களும் கிடைத்திருக்கின்றன. அவற்றின் வடிவத்தில் காய்கள் வரைய அவருக்கு ஆசை. அழகாக இருக்கும், சரி. ஆனால் அந்தப் பெருமைக்காக யாரும் தன் போனில் இடம் ஒதுக்குவார் என்று எனக்குத் தோன்றவில்லை.

போகிற வழியில், சிலைமான் பக்கம் ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தினோம். பெரியவர் ஒருவர் போனை வாங்கி நாலைந்து ஆட்டை வெட்டுக் கொடுத்ததும், திரையில் 'புலி வென்றது' என்று வந்தது. அவருக்குக் கோபம். "அதெப்படி? மிச்ச ஆட்ட வச்சு இன்னும் கட்டலாம்ல?" பக்கத்திலிருந்தவர் அத்தனை ஆடு போனால் தோல்விதான் என்றார். இருவரும் போனைத் தரையில் வைத்துவிட்டு வாதாடத் தொடங்கினார்கள்.

இளைஞர்களில் நிரல் எழுதுகிறவர் குறிப்பேட்டைத் திறந்தார். எத்தனை ஆடு வெட்டினால் புலிக்கு வெற்றி என்பதை ஆடுகிறவரே வைத்துக்கொள்ள வேண்டும், ஒரே போனில் இருவர் ஆட வேண்டும், நெட் இல்லாமலும் திறக்க வேண்டும். கீழடிக் காய்கள் அடுத்த பதிப்புக்குத் தள்ளிப்போயின.