மென்காற்றும் கோணல் வழியும்

நேர்வழியே விரைவுவழி என்பது உலகத்தார் துணிபு. இரு புள்ளிகளுக்கு இடையே நேர்க்கோடே மிகக் குறுகிய தொலைவு என்று வடிவக்கணிதமும் கற்பிக்கின்றது. நிலத்தில் நடப்போனுக்கு இது பெரும்பாலும் பொருந்தும். பாய்மரக் கலம் செலுத்துவோனுக்கோ, அதிலும் காற்று மெலிந்து பின்புறமிருந்து வீசும் வேளையில், இவ்விதி பெரிதும் பிழைபடுகின்றது. அவ்வேளையில் இலக்கை நோக்கி நேரே செல்லும் கலம் பிந்துகின்றது. சற்றே விலகிச் செல்லும் கலம் முந்துகின்றது.

இதன் காரணத்தை மிதிவண்டி ஓட்டும் சிறுவனும் அறிவான். காற்று எதிரே வீசினால் அது அவன் முகத்தில் அறைகின்றது. அதே காற்று பின்னிருந்து வீசி, அவனும் ஏறத்தாழ அதன் விரைவிலேயே சென்றால், காற்றே இல்லாதது போல் அவனுக்குத் தோன்றும். பாய்மரக் கலத்தின் நிலையும் இதுவே. காற்றோடு ஒரே திசையில் ஓடும் கலம், தன் ஓட்டத்தாலேயே தனக்குக் கிடைக்கும் காற்றைக் குறைத்துக்கொள்கின்றது. மணிக்கு 6 கடல் மைல் விரைவில் காற்று வீச, கலம் 3 கடல் மைல் விரைவில் அதே திசையில் ஓடினால், பாய் உணரும் காற்று எஞ்சிய 3 கடல் மைல் விரைவே ஆகும். பாய் தளர்ந்து தொங்கும். கலம் அசைந்தாடிச் செல்லும்.

இனி, அக்கலத்தின் முகப்பை ஒரு பக்கமாகத் திருப்பினால் நிகழ்வது யாது? கலத்தின் ஓட்டமும் காற்றின் ஓட்டமும் ஒரே கோட்டில் இல்லாமையால், பாய் உணரும் காற்று மிகுகின்றது. அது பின்புறத்தை விட்டுப் பக்கவாட்டிலிருந்து வருவதாகவும் மாறுகின்றது. அதுவரை பாயை வெறுமனே தள்ளிக்கொண்டிருந்த காற்று, இப்பொழுது அதன் இருபுறமும் தழுவி ஓடிப் பறவையின் சிறகில் நிகழ்வது போன்ற இழுவிசையைத் தோற்றுவிக்கின்றது. விரைவு கூடுகின்றது, கூடிய விரைவு உணரும் காற்றை மேலும் பெருக்குகின்றது.

ஆயினும் விலகிச் செல்வதால் தொலைவு நீள்கின்றது. வரவையும் செலவையும் கணக்கிட்டே முடிவு காணல் வேண்டும். இலக்கான மிதவை காற்றுச் செல்லும் திசையில் ஒரு கடல் மைல் தொலைவில் உள்ளது எனக் கொள்க. நேரே சென்றால், மணிக்கு 3 கடல் மைல் விரைவில் 20 நிமிடம் ஆகும். 40 பாகை விலகிச் சென்று, பாதி வழியில் பாயை மறுபக்கம் மாற்றி, மீண்டும் 40 பாகையில் வந்தால், வழி ஏறத்தாழ 1.3 கடல் மைலாக நீளும். அவ்விலகலால் விரைவு 5 கடல் மைலாக உயருமாயின் 16 நிமிடத்துக்குள் மிதவையை அடையலாம். 60 பாகை விலகினால் வழி இரு மடங்காகின்றது. விரைவு 6 கடல் மைலாக உயர்ந்தாலும் மீண்டும் அதே 20 நிமிடமே ஆகும். விலகல் குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு. இடையிலுள்ள ஒரு கோணமே ஆதாயம் தருவது.

அக்கோணம் என்றும் ஒன்றாய் இருப்பதில்லை என்பதே இக்கலையின் அருமை. காற்று வலுக்கும்பொழுது கனத்த கலம் தன் விரைவின் எல்லையை எளிதில் நெருங்கிவிடுகின்றது. அப்பொழுது விலகிச் சென்று பெறும் ஆதாயம் சிறிது. ஆகவே, காற்று மிகுங்கால் இலக்கின் பக்கம் திருப்புவதும், குன்றுங்கால் விலகித் திருப்பி விரைவைக் காப்பதும் மாலுமியர் மரபு. மென்காற்றில் இழந்த விரைவை மீட்பது கடினம். எனவே பாய் தளரும் முன்பே சுக்கானைப் பிடித்தவன் அதை உணர்தல் வேண்டும். கலத்தில் உள்ளோர் மெல்ல அசைதல் வேண்டும். பாயை மறுபக்கம் மாற்றும் ஒவ்வொரு முறையும் விரைவு குன்றுமாதலால், அதனையும் எண்ணிச் செய்தல் வேண்டும்.

மென்காற்றில் பின்காற்று ஓட்டம் எத்துணைப் பெரிய வெற்றியையும் தோல்வியையும் முடிவு செய்யும் என்பதற்கு 1983ஆம் ஆண்டு அமெரிக்கக் கோப்பைப் போட்டி சான்று. 1851 முதல் 132 ஆண்டுகளாக அக்கோப்பையை அமெரிக்கர் எவருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அவ்வாண்டு நியூபோர்ட் கடலில் டென்னிஸ் கானர் செலுத்திய ‘லிபர்ட்டி’யும் ஜான் பெர்ட்ரண்ட் செலுத்திய ‘ஆஸ்திரேலியா 2’உம் மூன்றுக்கு மூன்று என்று சமநிலையில் நின்றன. செப்டம்பர் 26ஆம் நாள் மெல்லிய காற்றில் ஏழாம் போட்டி நடந்தது. ஐந்தாம் கட்டமான பின்காற்று ஓட்டம் தொடங்கும்பொழுது ‘லிபர்ட்டி’ 57 விநாடி முந்தியிருந்தது. இரு கலங்களும் வெவ்வேறு பக்கமாகப் பிரிந்தன. ‘ஆஸ்திரேலியா 2’ சற்று மேலான காற்றைப் பெற்றது. விரைவு குறையாமலே இலக்கின் பக்கம் கூடுதலாகத் திரும்பி ஓடவும் அதனால் இயன்றது. அக்கட்டம் முடிந்தபொழுது அது 21 விநாடி முந்தி நின்றது. ஒரே கட்டத்தில் 78 விநாடி மாற்றம்! இறுதியில் 41 விநாடி வேறுபாட்டில் கோப்பை கைமாறிற்று. அக்கலத்தின் அடியில் இருந்த சிறகு வைத்த அடிக்கட்டையைப் பற்றியே உலகம் மிகுதியாகப் பேசிற்று. எனினும் அன்று முந்திய கலம் பிந்தியதாக மாறியது பின்காற்று ஓட்டத்திலேதான்.

இலக்கை நோக்கி நிற்றல் வேறு. இலக்கை நெருங்குதல் வேறு. இவ்வேறுபாடு கற்பிப்போர்க்கும் உரியது. ஊக்கம் மெலிந்த மாணவனைத் தேர்வை நோக்கி நேரே தள்ளிக்கொண்டிருந்தால், அவன் தளர்ந்த பாய்போல் தொங்குவான். ஒரு கதை, ஒரு விளையாட்டு, ஒரு கைத்தொழில் என்று சற்றே விலகி அழைத்துச் சென்றால் அவனுக்குள் விரைவு பிறக்கக்கூடும். ஆனால் அவ்விலகலே இன்பமாகிப் பாடம் மறந்துபோகுமாயின், அது 60 பாகைப் பயணம். ஓட்டம் மிகுதி, ஆதாயம் இல்லை. வேகத்தைக் கண்டு மயங்காமல், இலக்கு எவ்வளவு நெருங்கியது என்று அடிக்கடி அளந்து பார்த்து, காற்றின் வலிமைக்கேற்பத் திருப்பத் தெரிந்தவனே நல்ல மாலுமி, நல்லாசிரியனும் அவனே.